எலிப்பொறிக்கு உதவும் மண் சல்லடை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடைபெற்றதையும், அதன் மருத்துவர் முதலியோர்க்கு ஊதியம் நெல்லாக அளக்கப்பெற்றதையும் அது கூறுகிறது. இன்றும் அவ்வட்டாரத்தில் நெல் முதன்மையான பயிர். அந்த நெல்லில் கேளாமலே பங்கு கொள்ளும் கூட்டாளி ஒன்று உண்டு, அதுவே எலி.

“பொறி வைத்தேன், எலி விழவில்லை” என்று உழவர் பலர் கூறக் கேட்கிறோம். குறை பெரும்பாலும் பொறியில் இல்லை. எலி குடியிராத வளையில் பொறி வைத்ததே குறை. பொறி பயன்படாதபோது மனம் நஞ்சை நாடுகிறது. நஞ்சு தின்ற எலியைத் தின்று ஆந்தையும் நாயும் மடியக்கூடும்; வீட்டில் வைத்த நஞ்சு குழந்தையின் கைக்கும் எட்டக்கூடும். ஆதலின் எலி உள்ள வளை எது என்று அறிவதே முதல் வேலை.

இதில் வல்லவர்கள் காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகளில் வாழும் இருளர்கள். 1978-ஆம் ஆண்டில் தோன்றி, வடநெம்மேலியில் நடைபெறும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இவர்களுடையதே. வளைவாயிற் கிடக்கும் புதுமண்ணையும் காலடியையும் நோக்கியே உள்ளிருப்பது யாது என்று அவர்கள் கூறிவிடுவர். அத்தேர்ச்சி இல்லாத நமக்கு, சலித்த மண் அந்தக் கண்ணைத் தருகிறது.

சல்லடை செய்யும் முறை

ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள இரண்டு மரச்சட்டங்களை ரீப்பர்த் துண்டுகளால் அடித்துக்கொள்க. ஒன்றில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையையும், மற்றொன்றில் 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையையும் இறுக இழுத்து ஆணியடிக்கவும். வலையின் ஓரம் கையைக் கிழிக்காதபடி அதன்மேல் மெல்லிய மரப்பட்டையை வைத்து அடித்தல் நன்று. கம்பி வலை வாங்க இயலாதவர், பழைய எண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்டுக்கொள்ளலாம். உள்ளிருந்து வெளிப்புறமாகத் துளையிட்டால் பிசிறுகள் மண்ணைத் தடுக்கமாட்டா.

சலிப்பதற்கு அவ்வயலின் வரப்பு மண்ணே ஏற்றது. அதனை உலர்த்திக் கட்டி உடைத்து, முதலில் பெருங்கண் சல்லடையிலும் பின்னர்ச் சிறுகண் சல்லடையிலும் சலிக்கவும். ஆற்று மணல் வேண்டா. பருமணல் உலர்ந்தால் காலடியைத் தாங்காது சரிந்துவிடும்.

பயன்படுத்தும் முறை

முதல் நாள் மாலை, வரப்பிலுள்ள வளைவாய்களை எல்லாம் மண்ணிட்டு மூடுக. மறுநாள் காலை திறந்திருப்பவை உயிருள்ள வளைகள், மற்றவற்றை விட்டுவிடலாம். அன்று மாலை, திறந்த வளைகளின் வாயிலில் சலித்த மண்ணை மெல்லியதாக ஒரு முழ அகலத்திற்குத் தூவித் தட்டிச் சமன் செய்க. விடிந்ததும் நோக்கினால் வந்தவர் யார் என்பது மண்ணிலே எழுதியிருக்கும். எலியின் முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் ஐந்து விரல்களும் பதியும். சிலவேளை வால் இழுத்த கோடும் தென்படும். காலடி இன்றி வளைந்து செல்லும் தடம் பாம்பினுடையது. அவ்வளையில் கை வைத்தலும் பொறி வைத்தலும் கூடா. சாரைப்பாம்பும் கீரியும் எலியை உண்டு நமக்கு உதவுபவை, சட்டத்தாலும் காக்கப்பெறுபவை.

எலித்தடம் கண்ட இடத்திலேயே பொறி வைக்கவேண்டும். தஞ்சை வட்டாரத்து மூங்கிற் கிட்டியாயினும், கடையில் வாங்கிய இரும்புப் பொறியாயினும் அடியில் கட்டியும் கல்லும் இருந்தால் பொறி ஆடும். ஆடும் பொறியை எலி அணுகாது. சலித்த மண்ணைப் பரப்பி அதன்மேல் பொறியை அமர்த்துக. எலி புதுப்பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. ஆதலால் இரண்டு மூன்று நாள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கியபின் ஏற்றுக.

மற்றுமொரு பயன்

வளையை வெட்டினால் எலி சேர்த்த கதிரும் நெல்லும் மண்ணோடு கலந்து கிடைக்கும். பெருங்கண் சல்லடை கட்டியை நிறுத்தும். சிறுகண் சல்லடை மண்ணை விட்டு நெல்லை நிறுத்தும். ஆயினும் எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை மறவற்க. அந்நெல்லைக் குதிரில் உள்ள நெல்லோடு கலத்தல் ஆகாது. வளை வெட்டும்போதும் செத்த எலியை எடுக்கும்போதும் கையுறை அணிக. கையிலும் காலிலும் புண் இருப்பின் வேறொருவரிடம் அவ்வேலையை விடுக.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. பெண்ணெலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி ஈனும். ஆகவே கதிர் வரும்வரை காத்திராமல், நடவு முடிந்த உடனே தொடங்குக.

2. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயல் எலி அவ்விடத்திற்குக் குடிவரும். ஊர் கூடி ஒரே வாரத்தில் செய்தல் வேண்டும்.

3. வரப்பைச் சிறுத்துக் கட்டிப் புல்லைக் களைந்தால் வளை தோண்ட இடம் குறையும்.

இரண்டு மரச்சட்டங்கள், இரண்டு துண்டு வலை, ஒரு மாலை நேர உழைப்பு: இவ்வளவே செலவு. ஊருக்கு ஓரிணைச் சல்லடை இருந்தாலும் போதும், முறைவைத்துப் பயன்படுத்தலாம். விதைத்தவன் வீட்டுக்கு விளைந்த நெல் வந்து சேரவேண்டும். அதற்கான காவல் வரப்பு மண்ணிலேயே இருக்கிறது.