‘ஓடுற சர்வர்ல கான்ஃபிக் எப்படி சார் தப்பா இருக்கும்?’

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் இந்த வசனம் காதில் விழுகிறது. “அது மூணு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு சார். கான்ஃபிக் எல்லாம் பக்கா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தானா வந்துடும்.” பொங்கல் விடுமுறைக்கு முன்பும் இதே பேச்சு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை என்று அறிவித்தாலும் இதே பேச்சு. சொல்கிறவர்கள் பொறியியல் படித்தவர்கள் என்பதுதான் எரிச்சல்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வர், கான்ஃபிக் ஃபைலைப் பார்த்துப் பார்த்து ஓடவில்லை ஐயா. கடைசியாக ஸ்டார்ட் ஆன அன்று அதைப் படித்தது, மெமரியில் ஏற்றிக்கொண்டது. அதன் பிறகு அந்த ஃபைலில் யார் எதைக் கிறுக்கினாலும் அதற்குக் கவலையில்லை. மைஎஸ்க்யூஎல் அடுத்த ஸ்டார்ட் வரை ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போஸ்ட்கிரெஸில், ஓடும்போதே ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் என்று ஒரு வசதி உண்டு. அது இன்னும் பெரிய ஏமாற்று. ஃபைலில் பிழை இருந்தால் லாகில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, பழைய மதிப்பை வைத்துக்கொண்டு சமர்த்தாக ஓடும். அந்த லாகை யார் படிக்கிறார்கள்? அதே பிழையோடு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிடும்.

லைனில் புதிதாக ஒரு பார்கோடு ஸ்டேஷன் போடுகிறார்கள். அதன் ஐபி எண்ணை, யார் இணையலாம் என்று சொல்லும் போஸ்ட்கிரெஸின் ஹெச்பிஏ ஃபைலில் ஒருவர் சேர்க்கிறார். அவசரத்தில் ஒரு வார்த்தை பிசகுகிறது. ரீலோட் கொடுக்கிறார், பழைய ஸ்டேஷன்கள் எல்லாம் வழக்கம்போல வேலை செய்கின்றன. புதியது மட்டும் சேரவில்லை. “நெட்வொர்க் பிரச்சினை போல, நாளைக்குப் பார்க்கலாம்” என்று கிளம்பிவிடுகிறார். அந்த நாளை வருவதில்லை. ஆயுத பூஜை வருகிறது. சர்வரை அணைத்துச் சந்தனம், குங்குமம் எல்லாம் இட்டு, மறுநாள் முதல் ஷிஃப்ட்டில் போட்டால் டேட்டாபேஸ் இல்லை. டேட்டாபேஸ் இல்லையென்றால் லேபிள் இல்லை. லேபிள் இல்லாத பெட்டியைக் கார் கம்பெனி வாங்காது. லாரி கேட்டில் நிற்கிறது. எல்லோரும் பவர் சப்ளையைச் சந்தேகிக்கிறார்கள்.

இதைவிடச் சின்ன விஷயமும் ஆளைச் சாய்க்கும். மைஎஸ்க்யூஎல்லில் மெமரி அளவை ‘8ஜி’ என்று எழுத வேண்டும். ‘8ஜிபி’ என்றால் கடைசி எழுத்து புரியவில்லை என்று ஸ்டார்ட் ஆக மறுக்கும். போஸ்ட்கிரெஸில் நேர்த் தலைகீழ். அங்கே ‘8ஜிபி’ என்றால்தான் சரி, ‘8ஜி’ தவறு. இரண்டையும் ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எழுதிய அன்று ஒன்றும் தெரியாது. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு தெரியும்.

“நாங்க விண்டோஸ், எஸ்க்யூஎல் சர்வர், எங்களுக்கு ஃபைலே கிடையாது” என்று சிலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். தற்காலிகத் தரவுக்கான டெம்ப்டிபி ஃபைல்களை வேறு டிரைவுக்கு மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். அந்தப் பாதையில் ஃபோல்டர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. மாற்றம் பதிவாகிவிட்டது, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போது நடைமுறைக்கு வரும் என்று மட்டும் பதில் வரும். அந்த அடுத்த முறை எப்போது வரும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உலகத்துக்கே தெரிந்த கேஸ் ஒன்று வேண்டுமா? 2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தில் போஸ்ட்கிரெஸ் நகல் சர்வர் பின்தங்கிவிட்டது. சரிசெய்வதற்காகப் பிரதான சர்வரில் ஒரு மதிப்பை 32 ஆக உயர்த்தி ரீஸ்டார்ட் கொடுத்தார்கள். சர்வர் எழ மறுத்தது. அதிகபட்ச இணைப்புகள் 8000 என்று இருந்ததை 2000 ஆகக் குறைத்த பிறகுதான் எழுந்தது. அந்த 8000 ஏறக்குறைய ஒரு வருடமாக அங்கேயே இருந்த எண் என்று அவர்களே வெளியிட்ட குறிப்பில் இருக்கிறது. ஒரு வருடம் ஓடியதே, பிறகென்ன? ஓடியது என்பது வேறு, மறுபடி எழும் என்பது வேறு. அன்றிரவு களைப்பில் டேட்டா டைரக்டரியையே தவறான சர்வரில் அழித்து, சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது தனிக் கதை.

சரி, எப்படிச் சோதிப்பது? மைஎஸ்க்யூஎல் 8.0.16 முதல், அதாவது 2019 முதல், ‘வேலிடேட்-கான்ஃபிக்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. சர்வரை உண்மையில் ஸ்டார்ட் செய்யாமல் ஃபைலை மட்டும் படித்துப் பிழை சொல்லும். 5.7-லிருந்து 8.0-க்கு ஏறியவர்களின் ஃபைலில் இன்னும் குவரி கேஷ் வரிகள் கிடக்கும், 8.0-இல் அந்த வசதியே எடுக்கப்பட்டுவிட்டது, அந்த வரி இருந்தால் சர்வர் எழாது. இதை அந்த ஆப்ஷன் ஒரே நொடியில் காட்டிக்கொடுக்கும். போஸ்ட்கிரெஸில் 9.5 முதல் ‘பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ்’, 10 முதல் ‘பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்’ என்று இரண்டு வியூக்கள் உண்டு. ஓடுகிற சர்வரிலேயே குவரி போட்டால், எந்த ஃபைலில் எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லும். இதற்குக் காசு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, ஷட்டவுன் வேண்டாம். பிறகும் செய்யாமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

உடனே அடுத்த மூடநம்பிக்கை முளைக்கும்: “வேலிடேட் போட்டாச்சு, எல்லாம் ஓகே.” இல்லை. அந்த ஆப்ஷன் இன்னோடிபி போன்ற எஞ்சின்களை எழுப்பாது. அவற்றுக்கான வரிகளைச் சரிபார்க்காது. எல்லோரும் அதிகம் கைவைக்கிற பஃபர் பூல் என்ற மெமரி அளவு அந்த வகைதான். முதல் பிழையோடு நின்றும்விடும். திருத்திவிட்டு மறுபடி போட வேண்டும். ஓரமாகக் கிடக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் அதே வெர்ஷனை ஏற்றி, காலி டேட்டா டைரக்டரியோடு அதே ஃபைலைக் கொடுத்து எழுப்பிப் பார்த்தால்தான் பாதி நிம்மதி.

“ஸ்டார்ட் ஆகிவிட்டது, அப்படியானால் சரி” என்பது இன்னொன்று. லினக்ஸில் பர்மிஷன் தொல்லை வந்தாலே 777 போடுகிற கை நம் ஊரில் அதிகம். அப்படிப் போட்ட கான்ஃபிக் ஃபைலை மைஎஸ்க்யூஎல் பாதுகாப்பு கருதி ஒதுக்கிவிட்டு, சொந்த இயல்பு மதிப்புகளோடு எழுந்துவிடும். 64 ஜிபி மெமரி வாங்கிப் போட்ட சர்வரில் பஃபர் பூல் 128 எம்பி. எல்லோரும் சாஃப்ட்வேர்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

“ஸ்டாண்ட்பை இருக்கே”: 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள், 28 லைன்கள் நின்றன. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பில் டேட்டாபேஸ் தரவை ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க் நிரம்பிவிட்டது. மாற்று சர்வரும் அதே அமைப்பு என்பதால் அதுவும் கைகொடுக்கவில்லை. “வைரஸா இருக்கும்”: 2017 மே மாதம் வன்னாக்ரை பரவியபோது ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததிலிருந்து, எது எழவில்லை என்றாலும் வைரஸ்தான். லாகின் கடைசி இருபது வரியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். “நல்ல நேரம் பார்த்துப் போட்டா வந்துடும்”: பாருங்கள், தவறில்லை, அதற்கு முன் பிழையையும் பாருங்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இந்தத் தொழிற்சாலைகளின் வரவேற்பறையில் எல்லாம் ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அந்தத் தரத்தின் 2016 பதிப்பில் 8.5.1.4 என்ற பிரிவு என்ன சொல்கிறது? திட்டமிட்டோ திடீரென்றோ உற்பத்தி நின்று மறுபடி தொடங்கும்போது, பொருள் சரியாக வருகிறது என்பதை உறுதிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்து, அதைச் செய்தாக வேண்டும். பிரஸ் மெஷினுக்குச் செய்கிறார்கள். மோல்டிங் மெஷினுக்குச் செய்கிறார்கள். முதல் பீஸை எடுத்து அளந்து, கையெழுத்துப் போட்டுக் குறிச்சீட்டு தொங்கவிட்ட பிறகுதான் லைன் ஓடும். அந்த பீஸுக்கு லேபிள் கொடுக்கிற சர்வரை மட்டும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும், தலையங்கமாகத் தோன்றினாலும் சரி. இந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது யார்? ‘ஐடி பையன்’. கான்ட்ராக்ட் சம்பளம். பிரின்டர் டோனர், சிசிடிவி, பஞ்சிங் மெஷின், எம்டி வீட்டு வைஃபை எல்லாம் அவன் தலையில். கான்ஃபிக்கை யார், எப்போது, எதற்கு மாற்றினார்கள் என்று எழுதிவைக்க அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா சார்?” என்று அவன் கேட்டால், ஓடுறதை ஏன்டா தொடுற என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பண்டிகைக்கு மறுநாள் விடியற்காலை, சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனியில் யாரும் போனை எடுக்காத நேரத்தில், அதே பையனை எழுப்பி நிறுத்துகிறார்கள்.

ஷட்டவுன் செக்லிஸ்ட்டில் கம்ப்ரஸர், ஜெனரேட்டர், சில்லர் எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. அதில் டேட்டாபேஸ் சர்வருக்கும் ஒரு வரி சேருங்கள். அடுத்து, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சாஃப்ட்வேர்காரர் ஆபீஸில் இருக்கிற நேரத்தில், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான லேபிளை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பையனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எழவில்லையென்றால் பதினொன்றரைக்குள் காரணம் தெரிந்துவிடும். அதற்காக அவனைத் திட்டாதீர்கள்.