வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடாதீர்கள்: ஆன்லைன் மதிப்பெண் பதிவேட்டுக்கு ஒரு வழிகாட்டி

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளம் புதிதல்ல. ஆனால் எமிஸில் போய் ஏறுவது முடிந்த கணக்கு. அந்தக் கணக்கு உருவாகிற இடம், ஆசிரியர் தன் கையில் வைத்திருக்கும் மதிப்பெண் பதிவேடு. அதைக் கோடு போட்ட நோட்டிலிருந்து கூகுள் ஷீட்ஸுக்கு மாற்ற நினைக்கும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவு கிடையாது. மதிப்பெண் பதியச் செல்போனே போதும், முதல் அமைப்பை மட்டும் பள்ளி ஹைடெக் லேப் போன்ற இடத்தில் கணினியில் உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

வடசென்னையைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே பிள்ளைகள் தேர்வுக்கு வராமல் போகும் நாட்கள் பல, அவர்கள் கையில் இல்லாதவை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும் அந்த வெள்ளத்தில்தான். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர்த் தனியார் பள்ளி ஒன்றில் வாயு நெடியால் மாணவிகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், பள்ளி மூடப்பட்டது. நவம்பர் 4 அன்று திறந்தபோது மறுபடியும் அதே கதி. இப்படிப்பட்ட ஊரில் ஆப்சென்ட்டை எப்படிப் பதிவது என்பது சின்ன விஷயமல்ல.

முதலில் தாளில் எழுதுங்கள்

ஷீட்டைத் திறக்குமுன், எந்தத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், எது எதோடு கூடும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முப்பருவ முறையில் ஏழாம் வகுப்பு என்றால் வளரறி 40, தொகுத்தறி 60. வளரறியில் (அ) 20, (ஆ) 20. பத்தாம் வகுப்பு அறிவியல் என்றால் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. இங்கே மொத்தம் 35 வந்தால் மட்டும் தேர்ச்சி ஆகாது, எழுத்துத் தேர்வில் 20 எடுத்திருக்க வேண்டும். எழுத்தில் 18, செய்முறையில் 22 வாங்கிய பிள்ளையின் மொத்தம் 40. ஆனாலும் தேர்ச்சி இல்லை. மொத்தத்தை மட்டும் பார்க்கும் ஃபார்முலா அந்தப் பிள்ளையைத் தேர்ச்சி என்று காட்டும். காலாண்டிலேயே கவனித்திருக்க வேண்டியவர், பொதுத்தேர்வு வரை கண்ணில் படாமல் போவார்.

வரிசையும் பெயரும்

முதல் காலத்தில் எமிஸ் எண், இரண்டாவதில் பெயர், அதன் பிறகு தேர்வுகள். ஒரே வகுப்பில் ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு இரண்டு பேர் இருப்பார்கள். எமிஸ் எண் ஒருவருக்கு ஒன்றுதான். அந்தக் காலத்தை எண்ணாக வைக்காமல் எளிய எழுத்து வடிவத்தில் வையுங்கள். மேல் வரிசையையும் முதல் இரண்டு காலங்களையும் ஃப்ரீஸ் செய்தால், போனில் தள்ளிக்கொண்டு போகும்போது யாருடைய மதிப்பெண் என்று தடுமாற வேண்டாம்.

கல்வியாண்டின் நடுவில் டி.சி. வாங்கிப் போகிறவரின் வரிசையை அழிக்காதீர்கள், நிறம் மாற்றி அப்படியே விடுங்கள். வீடு மாறிப் பெரும்பாக்கம் போன குடும்பம் திரும்பி வருவதும் உண்டு. பெயர் வரிசைப்படி அடுக்க வேண்டுமென்றால் முழு ஷீட்டையும் சேர்த்து அடுக்குங்கள். பெயர்க் காலத்தை மட்டும் பிடித்து அடுக்கினால் மதிப்பெண்கள் பழைய இடத்திலேயே நிற்க, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிடும். ஆன்லைன் பதிவேட்டில் நடக்கும் தவறுகளில் மோசமானது இதுதான், ஏனென்றால் பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது.

நான்கு நிலைகள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். ஒரு கட்டத்தில் நான்கு விதமான செய்தி இருக்க முடியும். காலியாக இருந்தால் இன்னும் திருத்தவில்லை. 0 என்றால் தேர்வு எழுதினார், ஒன்றும் பெறவில்லை. ‘வ’ என்றால் வரவில்லை, மறுதேர்வு பாக்கி. ‘வி’ என்றால் விலக்கு: பள்ளி மூடல், வெள்ளம், மருத்துவமனை, நடுவில் வந்து சேர்ந்தவர். விலக்கைத் தலைமை ஆசிரியரைக் கேட்டுத்தான் போட வேண்டும், காரணத்தை அந்தக் கட்டத்திலேயே கமெண்ட்டாக எழுத வேண்டும்.

உதாரணமாக, இருபது மதிப்பெண்ணுக்கு மூன்று தேர்வு. ஒரு மாணவி முதலில் 16, மூன்றாவதில் 18 எடுத்திருக்கிறாள். இரண்டாவது நாளில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அந்தக் கட்டத்தில் ‘வி’ போட்டால் சராசரி 17, அதாவது 85 சதவீதம், ஏ2 தரம். பூஜ்யம் போட்டால் அறுபதுக்கு 34, சுமார் 57 சதவீதம், சி1. படிப்பில் எந்த மாற்றமும் இல்லை, மூன்று தரம் கீழே இறங்கிவிட்டாள்.

மறுபக்கமும் உண்டு. வராத தேர்வை எல்லாம் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், கடினமான தேர்வன்று வீட்டில் இருந்துவிடுவதே லாபம் என்றாகும். அதனால்தான் ‘வ’ வேறு, ‘வி’ வேறு. ஒவ்வொரு மாணவர் வரிசையின் கடைசியிலும் கவுண்ட்இஃப் போட்டு எத்தனை ‘வ’ பாக்கி என்று எண்ண வையுங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சிவப்பாகத் தெரியட்டும். அந்தச் சிவப்பு தீரும்வரை பருவத்தின் மொத்தத்தை யாருக்கும் காட்டாதீர்கள்.

ஃபார்முலாக்கள்

கட்டங்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் ‘வி’ இருக்கும் இடத்தில் பிழை வரும். சம், ஆவரேஜ் இரண்டும் எழுத்தையும் காலியையும் தாண்டிப் போய்விடும். ஆனால் சம் போட்டால் மொத்தத்தில் ‘வி’யும் பூஜ்யம் போலவே ஆகிவிடும், அதனால் ‘வி’ வரக்கூடிய தேர்வுகளுக்கு ஆவரேஜையே பயன்படுத்துங்கள். நான்கு செயல்பாடுகளில் சிறந்த இரண்டை எடுப்பதாக இருந்தால் லார்ஜ் போடுங்கள். ஒரே ஒரு மதிப்பெண்தான் இருக்கிறது என்றால் இரண்டாவதைத் தேடி அது பிழை காட்டும். அந்தப் பிழையை மறைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

தரத்துக்குத் தனி ஷீட்டில் ஓர் அட்டவணை: 0 இ2, 21 இ1, 33 டி, 41 சி2, 51 சி1, 61 பி2, 71 பி1, 81 ஏ2, 91 ஏ1. வீலுக்அப் அதிலிருந்து எடுத்துத் தரும். அதற்கு முன் மொத்தத்தை முழு எண்ணாக்கிவிடுங்கள், இல்லையென்றால் 90.5 வாங்கியவர் ஏ2விலேயே நிற்பார். முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள்.

இருபதுக்கு 91 என்று விரல் தவறி அடிப்பது எல்லோருக்கும் நடக்கும். டேட்டா வேலிடேஷனில் 0 முதல் 20 வரை என்று எல்லை கொடுங்கள். தடுக்கும்படி வைக்காமல் எச்சரிக்கும்படி வைத்தால் ‘வ’, ‘வி’ போட முடியும். ஃபார்முலா இருக்கும் காலங்களைப் பூட்டிவிடுங்கள். நெட் விட்டு விட்டு வரும் இடமென்றால் ஷீட்ஸ் ஆப்பில் அந்தக் கோப்பை ஆஃப்லைனுக்குக் குறித்து வையுங்கள்.

யார் பார்க்கலாம்

லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற வசதியை ஒருபோதும் திறக்காதீர்கள். பாட ஆசிரியர்களின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்று வெர்ஷன் ஹிஸ்டரி காட்டும், ஆகவே சந்தேகம் வந்தால் சண்டை தேவையில்லை. முழு வகுப்பின் மதிப்பெண்ணையும் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குத் தனிக் கவனம் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைத் தெருவே படிப்பது கொடுமை.

பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் வரிசையை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள். காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன்னே கிளம்புகிறவரும், நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரும் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வருவது கடினம். துண்டுச்சீட்டு வீடு போய்ச் சேரும்.

ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ஒரு பிரதியை இறக்கி, அச்செடுத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். எமிஸில் ஏற்றும்போது அந்த அச்சை வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்த தேர்வு அட்டவணை வருவதற்கு முன் உங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ‘வ’, ‘வி’ இரண்டையும் எப்போது போடுவது என்று பேசி முடிவெடுத்துவிடுங்கள். மழை வந்த பிறகு பேசினால் ஆளுக்கொரு விதமாகப் போட்டிருப்பார்கள்.