ஒத்துவராத பார்ட்னரோடு வேலை பார்ப்பது எப்படி?

யாரோடு சேர்ந்து வேலை பார்ப்பது என்பதை நம்மில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பதில்லை. மேனேஜர் கைகாட்டுகிறார், பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்காருகிறார். வேறு ஊர், வேறு மொழி, வேறு பழக்கம். நீங்கள் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற இடத்தில் அவர் ‘பார்க்கலாம்’ என்கிறார். நீங்கள் ஒரு போனில் முடிக்கிற விஷயத்துக்கு அவர் மூன்று பக்க மெயில் எழுதுகிறார். முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். இரண்டாம் மாதம் எரிச்சல் வரும். ஆறாம் மாதம், ஒன்று அவர் இருக்கட்டும் இல்லை நான் இருக்கிறேன் என்று ஹெச்.ஆர். கதவைத் தட்டத் தோன்றும்.

தட்டுவதற்கு முன் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிடுங்கள். பெயர் ‘ட்யூ சவுத்’. 1994 முதல் 1999 வரை கனடாவின் சி.டி.வி.யில் வந்தது, முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவின் சி.பி.எஸ்.ஸிலும் ஓடியது. உருவாக்கியவர் பால் ஹாகிஸ். பிற்பாடு ‘மில்லியன் டாலர் பேபி’க்குத் திரைக்கதை எழுதி, ‘க்ராஷ்’ படத்தை இயக்கியவர் அவர்தான். வெளிப்பார்வைக்கு இது ஒரு போலீஸ் காமெடி. ஆனால் இரண்டு வேறுபட்ட மனிதர்கள் ஒரே வேலையைச் செய்வதில் உள்ள சிக்கலை இவ்வளவு அக்கறையோடு காட்டிய தொடரை நான் வேறு பார்த்ததில்லை.

பெண்டன் ஃப்ரேசர் கனடாவின் வடகோடிப் பனிப் பிரதேசத்தில் வேலை பார்த்த மவுண்டட் போலீஸ்காரர். நூலகர்களான தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிவப்புக் கோட்டு, அகல விளிம்புத் தொப்பி, கூடவே காது கேட்காத டீஃபன்பேக்கர் என்கிற ஓநாய். தந்தையைக் கொன்றவர்களைத் தேடி சிகாகோவுக்கு வருகிறார். அந்தக் கொலைக்குப் பின்னால் இருப்பவர் தந்தையின் நண்பரும் அதே படையின் அதிகாரியுமான ஒருவர் என்று தெரிந்ததும், தயங்காமல் சட்டத்தின் முன் நிறுத்துகிறார். பலன்? சொந்தப் படையில் ஆதரிக்க ஆள் இல்லாமல் போகிறது. சிகாகோவிலுள்ள கனடியத் துணைத் தூதரகமே அவருக்கு நிரந்தரமாகிறது. நேர்மையாக நடந்ததற்காக ஓரங்கட்டப்பட்ட யாருக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

அவருக்கு வாய்த்த ஜோடி ரே வெக்கியோ. சிகாகோ துப்பறிவாளர், இத்தாலிய வம்சாவளி, அம்மாவும் சகோதரிகளுமாக இரைச்சலான வீடு. நல்ல சட்டை போடுவதில் ஆசை. பச்சை நிற ப்யூக் ரிவியரா கார் என்றால் உயிர். எதிரில் வருகிற எவனும் பொய்தான் சொல்வான் என்பது அவர் கணக்கு. ஃப்ரேசரோ மோசமான பேட்டையில் குடியிருந்துகொண்டு வீட்டுக் கதவைப் பூட்டாமல் போகிறவர். முதல் சந்திப்பே விபரீதம். லாக்கப்பில் கைதி மாதிரி நடித்து ரே தகவல் கறந்துகொண்டிருக்கிறார். ஃப்ரேசர் மரியாதையாக வந்து, துப்பறிவாளர் வெக்கியோ யார் என்று கேட்டு வேஷத்தைக் கலைத்துவிடுகிறார்.

இருவருக்கும் பிடித்துப்போவதற்கு அவர்கள் ஒருவரைப் போல ஒருவர் மாறுவது காரணமில்லை. கடைசிவரை ரே கத்துகிறவர்தான், ஃப்ரேசர் கதவைத் திறந்து பிடித்து நன்றி சொல்கிறவர்தான். காரணம், அந்த வேறுபாட்டை அவர்கள் கையாண்ட விதம்.

அவர் குணத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை

ஃப்ரேசரின் நல்ல குணத்துக்குச் செலவு உண்டு. அந்தச் செலவு வந்து விழுவது பெரும்பாலும் ரேயின் தலையில். யாரோ முன்பின் தெரியாதவருக்கு உதவ ஃப்ரேசர் நின்றுவிடுவார். ரேயின் நேரம் போகும், சில சமயம் காரும் போகும். அந்த ரிவியரா ஒரு தடவை அழிந்ததோடு விடவில்லை. அதே மாடலைத் தேடிப் பிடித்து வாங்கிய அடுத்த காரும் அழிகிறது.

பண்பாட்டு வேறுபாடு பற்றி அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. எந்த நாட்டுக்காரர் எப்படிக் கை குலுக்குவார் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருவருடைய பழக்கத்துக்கு இன்னொருவர் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்பதில்லை. கசப்பு சேருவது அங்கேதான். உங்கள் பார்ட்னர் கிளையன்ட்டின் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனசு நல்லது. ராத்திரி கண்விழிப்பது நீங்கள்.

ரே இதைக் கையாளும் விதத்தைக் கவனியுங்கள். உடனே கத்துவார், ஃப்ரேசரிடமே கத்துவார், கத்திக்கொண்டே கூட வருவார். இந்த மூன்றும் சேர்ந்து இருப்பதால்தான் அது கசப்பாக மாறுவதில்லை. நாம் செய்வது நேர்மாறு. அவரிடம் சிரித்துவிட்டு, கேன்டீனில் நாலு பேரிடம் புலம்புவோம். அடுத்த வேலைக்குக் கூப்பிட்டால் நைசாகக் கழன்றுகொள்வோம்.

ஆகவே அன்றைக்கே, அவரிடமே சொல்லுங்கள். குணத்தைப் பற்றிப் பேசாமல் செலவைப் பற்றிப் பேசுங்கள். “உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்” என்றால் கதை முடிந்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீங்க வெள்ளிக்கிழமை தர்றோம்னு சொல்லிட்டீங்க. அதுக்கு நான் ரெண்டு ராத்திரி உட்காரணும். அடுத்த தடவை தேதி சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.” இதில் அவருடைய ஊர், மதம், வளர்ப்பு எதுவும் வரவில்லை. அவரால் திருத்திக்கொள்ளக் கூடிய ஒரே ஒரு விஷயம் இருக்கிறது.

நீங்கள் ஃப்ரேசர் பக்கத்து ஆள் என்றால், சட்டம் தவறாத, மரியாதை குறையாத ஆள் என்றால், உங்களுக்கு ஒரு சொல். உங்கள் நேர்மைக்கான பில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். முதல் சீசனில் விக்டோரியா என்ற பெண் வருகிறாள். ஒரு காலத்தில் ஃப்ரேசர் காதலித்து, கடமைக்காகச் சிறைக்கு அனுப்பியவள். பழிதீர்க்கத் திரும்பி வந்து அவரையே குற்றவாளி ஆக்குகிறாள். ஜாமீனுக்கு ரே தன் வீட்டையே ஈடு வைக்கிறார். அதெல்லாம் தெரிந்தும், கடைசியில் ரயிலில் தப்பும் அவளை நோக்கி பிளாட்ஃபாரத்தில் ஓடுகிறார் ஃப்ரேசர். ஏறியிருந்தால் ரேயின் குடும்பம் தெருவில். அவளைக் குறிவைத்து ரே சுட்ட குண்டு ஃப்ரேசரின் முதுகில் பாய்கிறது. நல்லவர் ஒருவர் தன்னை நம்பியவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டத்தைத் தந்துவிட முடியும் என்பதைக் காட்டிய விதத்தில், தொடரின் மிகத் துணிச்சலான கட்டம் இது என்பேன். அதற்குப் பிறகும் அவர்கள் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள் என்றால், குற்றம் ஒரே பக்கம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்ததால்தான்.

யார் எல்லையில் யார் சொல்வது

சிகாகோவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஃப்ரேசருக்கு உரிமம் கிடையாது. அங்கே கைது செய்யும் அதிகாரமும் ரேயிடம்தான். ஃப்ரேசர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கோடு அழிவதில்லை. இது கதைக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் இல்லை. நிஜத்தில் கனடாவும் அமெரிக்காவும் 2009-ல் ‘ஷிப்ரைடர்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லையில் உள்ள நீர்ப்பரப்பில் கனடிய மவுண்டட் போலீஸாரும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினரும் ஒரே படகில் ரோந்து போகலாம். படகு எந்த நாட்டு நீரில் நிற்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். அந்த நாட்டு அதிகாரி சொல்வதே உத்தரவு. கோட்டைத் தாண்டினால் தலைமை கைமாறும்.

உங்கள் டீமுக்கும் இப்படி ஒரு கோடு போடுங்கள், சண்டை வருவதற்கு முன்னால். அவருடைய கிளையன்ட் மீட்டிங் என்றால் அவர் பேசட்டும், உங்களுக்கு வேறு கருத்து இருந்தாலும் வெளியே வந்த பிறகு சொல்லுங்கள். டெக்னிக்கல் முடிவு உங்களுடையது என்றால் அதில் அவரும் அதே போல நடந்துகொள்ளட்டும். எந்த வேலை யாருடையது என்று தெளிவாகத் தெரியாத இடத்தில்தான் எல்லா வேறுபாடும் பண்பாட்டுப் பிரச்சினை மாதிரித் தெரியும்.

வேலை சாராத எல்லைகளும் உண்டு. துணைத் தூதரக வாசலில் ஃப்ரேசருக்குக் காவல் முறை வரும். சிலை மாதிரி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ரே வருவார். எதிரே நின்று வழக்கைப் பற்றிப் பேசுவார், கேள்வி கேட்பார், பதில் வராததால் கோபப்படுவார், தானே ஒரு பதில் சொல்லிக்கொண்டு போவார். இந்தப் பக்கம் இமைகூட அசையாது. அந்த விதியை ரே கேலி செய்வார், ஆனால் அதைச் சுற்றித் தன் வேலையை அமைத்துக்கொள்வார். உங்கள் சக ஊழியர் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போவார், இன்னொருவர் ஆறு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார். ஏன் என்று விவாதம் வேண்டாம். காலண்டரில் குறித்துக்கொண்டு மீட்டிங்கை நகர்த்துங்கள்.

பழைய பார்ட்னரின் அளவுகோல்

சி.பி.எஸ். கைவிட்ட தொடர் 1997-ல் பி.பி.சி. உள்ளிட்டோரின் பண உதவியோடு மீண்டும் உயிர்பெற்றது. ஃப்ரேசராக நடித்த பால் க்ராஸ் திரும்பி வந்தார். ரேயாக நடித்த டேவிட் மார்சியானோ தொடர்ந்து நடிக்கவில்லை. அதைத் தொடர் சமாளித்த விதம் அழகு. விடுமுறை முடிந்து ஃப்ரேசர் ஸ்டேஷனுக்கு வந்தால், முன்பின் பார்த்திராத ஒருவர், நான்தான் ரே வெக்கியோ என்று கட்டிப்பிடிக்கிறார். ஸ்டேஷனே அதை ஆமோதிக்கிறது. நிஜ ரே மாஃபியா கும்பலுக்குள் உளவு பார்க்கப் போயிருக்கிறார். அவர் இல்லாதது வெளியே தெரியாமலிருக்க அவர் பெயரில் வந்தவர் ஸ்டான்லி ரே கோவால்ஸ்கி, நடித்தவர் கேலம் கீத் ரென்னி.

பழைய ரே பேச்சில் கொட்டித் தீர்ப்பவர். புதியவர் உள்ளே வைத்துப் புழுங்கி, திடீரென்று வெடிப்பவர். ஒருவரிடம் பலித்த உத்தி இன்னொருவரிடம் பலிக்கவில்லை. 1998-ல் வந்த ‘மவுண்டி ஆன் தி பவுண்டி’ என்ற இரண்டு பாகக் கதையில் கூரையிலிருந்து ஏரியில் குதிக்க வைத்த ஃப்ரேசரோடு வாக்குவாதம் முற்றி, கோவால்ஸ்கி அவர் முகத்தில் குத்திவிடுகிறார். கேட்காமலே இழுத்துக்கொண்டு போகிறாய் என்பதுதான் அவருடைய ஆதங்கம், அதில் நியாயமும் இருக்கிறது. அதே நேரத்தில் இருவருக்கும் டிரான்ஸ்ஃபர் வாய்ப்பு வருகிறது. பிரிவது என்று ஏறக்குறைய முடிவு. கடைசியாக ஒரு வழக்கை மட்டும் சேர்ந்து முடிக்கலாம் என்று கப்பல் ஏறுகிறார்கள். கப்பல் மூழ்குகிறது. நீச்சல் வராத கோவால்ஸ்கிக்குத் தண்ணீருக்கடியில் தன் மூச்சைப் பகிர்ந்து காப்பாற்றுகிறார் ஃப்ரேசர். டிரான்ஸ்ஃபரை இருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் ‘கடைசி வழக்கு’ உத்தியை அப்படியே நடைமுறைப்படுத்தலாம். பிரிய வேண்டும் என்று தோன்றினால், முடிவு தேதி உள்ள சின்ன வேலை ஒன்றை எடுங்கள்: ஒரு ரிலீஸ், ஒரு ஆடிட், ஒரு கண்காட்சி ஸ்டால். “இதை முடிச்சிட்டு, சேர்ந்து இருக்கலாமா வேண்டாமான்னு பேசுவோம்” என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வாசல் திறந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்போது ஆளை ஆள் திருத்தும் ஆவேசம் குறையும், வேலை மட்டும் மிஞ்சும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் உழைப்பைத் தன் பெயரில் காட்டுகிறவர், முதுகுக்குப் பின்னால் பொய் சொல்கிறவர், சாதியையோ மதத்தையோ உச்சரிப்பையோ வைத்து மட்டம் தட்டுகிறவர் – இவர்களுக்குப் பண்பாட்டு வேறுபாடு என்ற சலுகை கிடையாது. ஃப்ரேசரும் ரேயும் பரஸ்பரம் கோபப்பட்டார்கள், ஒருவரையொருவர் சிறுமைப்படுத்தவில்லை. சிறுமைப்படுத்துகிறவரோடு கடைசி வழக்கு எதுவும் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள், மெயில்களை அழிக்காதீர்கள், அவற்றை எடுத்துக்கொண்டு நேராக ஹெச்.ஆர். கதவைத் தட்டுங்கள்.