பத்துக்குப் பத்து அறையும் ஃபோன் ஆப்பும்

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். தமிழ்நாட்டு வீடுகளில் எங்கும் காணப்படும் இந்த அறை அளவு, பாட்டு கேட்பதற்கு மிக மோசமான அளவு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது, சரியாக அரை அலை அடங்கும் அதிர்வெண் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். பத்தடிக்குக் கணக்குப் போட்டால் வருவது 57 ஹெர்ட்ஸ். மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்று திசையிலும் அதே 57 வந்து குவிகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை உறிஞ்சுவதில்லை, அப்படியே திருப்பி அனுப்புகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், அதாவது இந்த முழக்கத்தின் வாசலிலேயே இருக்கிறது. சுவரோடு ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் மட்டும் ‘கும்’மென்று வீங்கும். நாற்காலியை அறை நடுவுக்கு இழுத்தால் அதே ஸ்வரம் மெலிந்துபோகும். எந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அறையின் இந்தக் குணம் மாறாது. எனவே முதலில் அளக்க வேண்டியது இந்த அடிப்பகுதியைத்தான்.

இங்கேதான் அந்தப் பிடிவாதமான நம்பிக்கை குறுக்கே வருகிறது: “மைக் எல்லாம் எதற்கு? ஃபோனில் ஒரு ஆப் இறக்கினால் போதும்.” கடைக்காரர் சொல்கிறார், ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் சொல்கிறார், வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்கிறார். திரையில் வண்ண வண்ணமாகக் கம்பிகள் ஆடுவதைப் பார்த்து, அறை அளக்கப்பட்டுவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

ஃபோன் மைக் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சுக்கு 57 ஹெர்ட்ஸ் தேவையே இல்லை. காற்று மோதும் இரைச்சலும் கை உரசும் சத்தமும் வாழும் இடம் அது. அதனால் பல ஃபோன்கள் அந்தப் பகுதியை வேண்டுமென்றே வெட்டிவிடுகின்றன. ஆண்ட்ராய்டு ஃபோன் தயாரிப்பவர்களுக்குக் கூகுள் வகுத்த பொருத்தப்பாட்டு ஆவணம், பேச்சை அடையாளம் காணும் வேலைக்கு மைக் 100 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதிலும் 3 டெசிபல் கூடக்குறைய இருக்கலாம். பத்துக்குப் பத்து அறையின் பெரிய நோய் அந்த வரம்புக்கு வெளியே கிடக்கிறது. போதாததற்கு, சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும் ஏற்பாடும், தொடர்ந்து வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அழிக்கும் ஏற்பாடும் பல ஃபோன்களில் உண்டு. எந்த மாற்றமும் செய்யாத ஒலியை ஆப்புகள் கேட்டுப் பெறும் வழி ஆண்ட்ராய்டு 7.0-இல்தான் தனியாக வந்தது. அதையும் எல்லா ஃபோனும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொரு பொறி ‘ஏ’ எடையிடல். சத்த அளவு காட்டும் ஆப்புகள் பலவும் இதில்தான் திறக்கின்றன. இந்த முறை 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ‘சி’ எடையிடலில் அதே இடத்தில் கழிவது ஒரு டெசிபல்கூட இல்லை. முழங்கும் அறையில் நின்றுகொண்டு, “பேஸ் குறைவாகத்தான் இருக்கிறது, சப் வூஃபரை ஏற்று” என்று சொல்ல வைப்பது இதுதான்.

ஆப்பை ஆதரிப்பவர்கள் ஓர் ஆய்வைக் காட்டுவதுண்டு. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2014-இல் வெளியிட்டது அது. அதை முழுக்கப் படித்தவர்கள் காட்ட மாட்டார்கள். ஐஃபோன் பக்கம் 130 ஆப்புகளும் ஆண்ட்ராய்டு பக்கம் 62 ஆப்புகளும் பார்க்கப்பட்டன. அவர்கள் வைத்த தகுதிகளைத் தாண்டிச் சோதனைக்கு வந்தவை 10-உம் 4-உம்தான். அவற்றிலும் சோதித்தது மொத்தச் சத்தம் எத்தனை டெசிபல் என்பதை, தொழிற்சாலை இரைச்சலை மனத்தில் வைத்து. எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது வேறு கேள்வி.

தேவையான கருவி எட்டாத விலையில் இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் அளவீட்டு மைக் ஒன்று, அதன் வரிசை எண்ணுக்கென்றே தனியாகத் தரப்படும் திருத்தக் கோப்பு, ஒரு மடிக்கணினி, ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருள். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 இப்படிப்பட்ட யூஎஸ்பி மைக். வாங்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கோப்பைப் பற்றி. ‘இந்த மாடலுக்கு எல்லாம் ஒரே கோப்பு’ என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். யூமிக்-1க்கு இரண்டு கோப்புகள் உண்டு: ஸ்பீக்கரை நோக்கி நீட்டி அளக்க ஒன்று, கூரையைப் பார்த்து நிறுத்தி அளக்க ஒன்று. மாற்றிப் போட்டால் மேல் அதிர்வெண்கள் பொய் சொல்லும். எக்ஸ்எல்ஆர் வகை அளவீட்டு மைக் என்றால் 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேசும் கூடவே வேண்டும்.

மென்பொருள் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிச் செல்லும் ஒரே ஊளையை ஸ்பீக்கரில் அனுப்பிப் பதிவு செய்கிறது. ஏஞ்சலோ ஃபரினா 2000-இல் விளக்கிய இந்த முறையில், ஸ்பீக்கரின் சிதைவு தனியே பிரிந்துவிடும். அறையின் பதில் காலக்கணக்கோடு கிடைக்கும். ஃபோனில் ஆடும் கம்பிகளில் காலம் என்பதே இல்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணும் நேரப்போக்கில் அடங்குவதை மென்பொருள் வரைந்து காட்டும் அருவிப் படத்தில், மற்ற அதிர்வெண்கள் அடங்கிய பிறகும் 57-இல் மட்டும் ஒரு நீண்ட முகடு இழுத்துக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த மைக்கை ஃபோனில் செருகி அளப்பதில் தவறில்லை. ஃபோன் அப்போது வெறும் திரை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். மேடையில் பாடும் மைக் இதற்கு உதவாது. அது ஒரு பக்கமாகக் கேட்பது, குரல் எடுப்பாகத் தெரிய வளைக்கப்பட்டது. சட்டப்படி இரைச்சலை அளக்கும் முதல் வகுப்புக் கருவி வீட்டுக்குத் தேவையில்லை. இங்கே வேண்டியது ஏற்ற இறக்கத்தின் வடிவம். கேட்கும் இடத்தில் மென்பொருள் வரையும் அதிர்வெண் கோடு மட்டமாக இருக்க வேண்டும் என்பதும் தவறு. மட்டமாக்கினால் பாட்டு கூச்சலாகும், நல்ல அறையில் கோடு மேல் அதிர்வெண் பக்கம் மெல்லச் சரியும். பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்பலாம் என்பது ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து: 10 டெசிபல் ஏற்றினால் 20 வாட் 200 வாட் ஆகும், அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளமோ பள்ளமாகவே இருக்கும். முட்டை அட்டை ஒட்டுவதால் பேஸ் துளியும் குறையாது.

மைக் வாங்கும் முன் எடுக்க வேண்டிய கருவி இஞ்ச் டேப். ஹார்வர்டில் 1890-களில் எதிரொலி மிகுந்த ஃபாக் அரங்கைச் சீர்செய்ய வந்த வாலஸ் சபீனிடம் இருந்தவை ஆர்கன் குழாய், நிறுத்துக் கடிகாரம், பக்கத்து அரங்கிலிருந்து இரவல் வாங்கிய இருக்கை மெத்தைகள். எத்தனை மெத்தை, எத்தனை நொடி என்று குறித்து வைத்தே அவர் அறை ஒலியியலின் அடிப்படைச் சூத்திரத்தை எட்டினார். வீட்டிலும் அதே ஒழுங்கு வேண்டும். சோபாவைச் சுவரிலிருந்து அரையடி நகர்த்து, தூரத்தை எழுது, அள, மறுபடி அரையடி. காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் ஈக்வலைசரைத் தொடுபவர்களே அதிகம்.

மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், சோபா முதுகுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டாமல், தலையைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி பார்ப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். இறக்கை தள்ளும் காற்று மைக்கில் மோதினால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவது அறையின் பதில் ஆகாது. ஏசியும் அந்த ஐந்து நிமிடம் அணைந்திருக்கட்டும்.