ஐ.எஸ்.டி.என். இணைப்பு: பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாள்



1999-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நூற்பாலை அலுவலகத்தில் ஐ.எஸ்.டி.என். இணைப்புக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். அமெரிக்கத் தயாரிப்பு ரவுட்டர். அதன் திரை, "ஸ்பிட் எண்" கேட்டு நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். "அப்படி ஒரு நம்பரே எங்ககிட்ட இல்லையே தம்பி" என்றார்கள். மாலை வரை அதைத் தேடியே பொழுது போயிற்று. சம்பளப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாள் அது, போகவில்லை. மறுநாள் சம்பளத்துக்கு நின்ற தொழிலாளர்கள் வெறுங்கையோடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் வந்த என் சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "விவரமெல்லாம் எழுதின தாள் எங்கப்பா?" என்னிடம் இல்லை. அந்தத் தாளைப் பற்றியதே இந்தப் பாடம்.

முதலில் அடிப்படை. சாதாரண டெலிபோன் கம்பியிலேயே நம் இடம் வரை டிஜிட்டலாக வருவது ஐ.எஸ்.டி.என். இதன் அடிப்படை இணைப்பில் தலா 64 கிலோபிட் வேகமுள்ள இரண்டு பி சேனல்கள், 16 கிலோபிட் டி சேனல் ஒன்று. மொத்தம் 144 கிலோபிட். பேச்சும் டேட்டாவும் பி சேனலில் போகும். அழைப்பை ஏற்படுத்தும், துண்டிக்கும் சமிக்ஞைகள் டி சேனலில் போகும்.

இனி, தாளில் எழுத வேண்டியவை:

1. ஸ்விட்ச் வகை: எக்ஸ்சேஞ்ச் எந்தக் கம்பெனி தயாரிப்பு என்பதல்ல கேள்வி, டி சேனலில் அது என்ன மொழி பேசுகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவில் நேஷனல் ஐ.எஸ்.டி.என். முதலிய வகைகள், ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் யூரோ ஐ.எஸ்.டி.என்.

2. எண்கள்: ஸ்பிட் என்பது வட அமெரிக்க வழக்கம். யூரோ வகைக்கு அது தேவையே இல்லை. நம் தொலைபேசி எண்ணும், எதிர்முனை எண்ணும் போதும்.

3. இணைப்பு முனை: எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பி முனை 'யூ'. என்.டி.1 பெட்டியைத் தாண்டி வரும் நான்கு கம்பி முனை 'எஸ்/டி'. ரவுட்டரில் எது இருக்கிறது என்று வாங்கும்போதே பாருங்கள்.

4. சேனல் வேகம்: 64-ஆ, 56-ஆ? அமெரிக்காவில் சில தடங்கள் 56 மட்டுமே தாங்கின.

5. பயனர் பெயர், கடவுச்சொல், பாப்-ஆ சாப்-ஆ என்ற விவரம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் லைன் கிடைத்த வேகத்தில் கட் ஆகிவிடும்.

6. ஐ.பி. முகவரி, டி.என்.எஸ். முகவரி, சும்மா இருந்தால் எத்தனை நொடியில் துண்டிக்க வேண்டும் என்பது. இரண்டு பி சேனலையும் சேர்த்து ஓட்டினால் 128 கிலோபிட் கிடைக்கும். ஆனால் அது இரண்டு கால், பில்லும் இரண்டு கால் கணக்கில் ஏறும்.

சோதிப்பதும் வரிசையாக இருக்கட்டும். முதலில் என்.டி.1 விளக்கு, அடுத்து டி சேனல், பிறகு அழைப்பு, கடைசியில் லாகின். கீழ்ப்படி சரியாகாமல் மேல்படியைத் தொடாதீர்கள்.

அன்று சீனியர் ஸ்விட்ச் வகையை யூரோ என்று மாற்றினார். ஸ்பிட் கேள்வியே காணாமல் போயிற்று! அரைமணியில் லைன் பேசியது. நான் ஒருநாள் முழுக்கத் தேடியது, தேவையே இல்லாத ஓர் எண்.

ஜப்பானில் 1988-ல் தொடங்கிய ஐ.எஸ்.டி.என். சேவையின் டேட்டா வசதி 2024-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிற நாடுகளிலும் இதன் காலம் முடிந்துவருகிறது. ஆனால் தாளின் காலம் முடியவில்லை. நாளை நீங்கள் ஃபைபர் இணைப்புக் கொடுக்கப் போனாலும் வி-லேன் எண், பயனர் பெயர், ஐ.பி. முகவரி என்று கேள்விகள் காத்திருக்கும். அங்கே போய்த் தேடாமல், பதில்களோடு போங்கள். உங்கள் வேலையை நம்பி யாரோ ஒருவர் வரிசையில் நிற்கிறார்.