வளரும் பொருளாதாரமும் உலக அவையில் வாக்கும்

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரமும், 'அவை அறிதல்' எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்துள்ளார். பொருள் ஈட்டுவது வேறு. அவையில் நம் சொல் ஏறுவது வேறு. வளரும் நாடுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைப் பன்னாட்டு நிதியத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈடு வைத்த கை

1991ஆம் ஆண்டில் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைத்துக் கடன் பெற்றது. மனைவியின் நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் சென்ற குடும்பத் தலைவனின் நிலை அது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2009இல் அதே ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலைகொடுத்து வாங்கியது. 2012இல் அந்நிதியத்தின் கடன் வளத்தைப் பெருக்க இந்தியா 1,000 கோடி டாலரும், சீனா 4,300 கோடி டாலரும் தர முன்வந்தன. கடன் கேட்டவர் கடன் கொடுப்பவராயினர்.

மாறாத வாக்கு

பன்னாட்டு நிதியம் 1944இல் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடிய மாநாட்டில் உருவானது. அங்கு வாக்கு என்பது பெரும்பாலும் நாடுகளின் பங்குத்தொகையைச் சார்ந்தது. முதன்மையான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16.5 விழுக்காடு உள்ளமையால், அதன் இசைவின்றி அத்தகைய முடிவு எதுவும் நிறைவேறாது.

வளரும் நாடுகளின் பங்கை உயர்த்த 2010இல் ஏற்கப்பட்ட சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தாமதமானதால் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் சீனாவின் வாக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு; இந்தியாவினது 2.6 விழுக்காடு. வாங்கும் திறன் அடிப்படையில் சீனா முதலிடத்தையும் இந்தியா மூன்றாம் இடத்தையும் பெற்றுள்ளமையோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

மாற்று அவை

இக்காத்திருப்பின் விளைவுகளுள் ஒன்றே புதிய வளர்ச்சி வங்கி. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் 2014இல் இதற்கு உடன்படிக்கை செய்தன. ஐவரும் சமமாக முதலிட்டனர். ஐவருக்கும் சம வாக்கு. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. அவ்வங்கியின் முதலும் டாலரிலேயே கணக்கிடப்படுகிறது. உறுப்பு நாடுகளான இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020இல் கல்வானில் குருதி சிந்தப்பட்டது. சம வாக்கு மட்டும் ஒற்றுமையை ஈன்றுவிடாது.

முடிவுரை

செல்வம் விரைந்து வளர்கிறது. அதிகாரமோ மெல்ல இடம்பெயர்கிறது. இருப்பவர் எழுந்து இடம் தருவது அரிது என்பதே காரணம். இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். 2023இல் புதுதில்லியில் கூடிய ஜி-20 மாநாடு ஆப்பிரிக்க ஒன்றியத்தை உறுப்பினராக ஏற்றது. இடம் கேட்டு நின்ற நாடு, தன் தலைமையில் பிறருக்கு இடம் அளித்த நிகழ்வு அது. வளரும் நாடுகள் எய்தும் வலிமை, தம்மினும் எளியோர்க்கு அவையில் இடம் தரும்போதே உலகிற்குப் பயன் தரும் என்பதை மாணவச் செல்வங்கள் உளங்கொள்ள வேண்டும்.