பசியில்லாத காலையில் சாப்பிட வேண்டுமா?

உருத்திரபுரத்து வயல்காரர் விடியத் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போய், வெயில் ஏறிய பின்பே வரம்பிலிருந்து சாப்பிடுவது பழைய வழக்கம். இன்று கிளினிக்கில் "நிறையைக் குறையுங்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் கேட்கிறார்கள்: பசியில்லாவிட்டாலும் காலையில் சாப்பிடத்தான் வேண்டுமா? 1996இலும் 2008இலும் இடம்பெயர்ந்து பசியை அறிந்தவர்கள் நாங்கள். சாப்பாட்டைத் தள்ளிவைக்க மனம் ஒப்பாதுதான்.

ஆனால் கட்டாயமில்லை. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 பரிசோதனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். காலையுணவு நிறையைக் குறைக்க உதவும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நாள் முழுவதும் எவ்வளவு உண்கிறோம் என்பதே கணக்கு. காலைப் புட்டை விட்டவர் பத்து மணிக்குச் சீனித் தேநீரும் பணிசும், மத்தியானம் கோப்பை நிறையச் சோறும் எடுத்தால் என்ன மிச்சம்?

சலரோகத்துக்கு இன்சுலின் போடுபவர்களும் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் காலையுணவை விடவேண்டாம். இன்சுலினும் சில குளிசைகளும் வெறுவயிற்றில் இரத்தச் சீனியை மிகவும் இறக்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், மயக்கமும் வரும். வயலில் தனியே நிற்பவரை யார் தூக்குவது? பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தப் பேச்சே பொருந்தாது.

முயலாமலே நிறை இறங்கிப் பசியும் அற்றுப்போனால் அது வேறு விடயம். காசநோயாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.